விலைக்கு இன்பொக்ஸ் வாங்க என்று எழுதாதீர்கள்

பேஸ்புக்கில் நம்ம ஊர்ப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வரி கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்க.' நல்ல சாரி, படமும் நன்றாக எடுத்திருக்கிறார்கள், கீழே ஆட்கள் வரிசையாக 'எவ்வளவு?', 'பிரைஸ்?', 'கடை எங்க?' என்று கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் அதே பதில்தான். விலையைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரன் பத்து ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவான் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் வாங்க வருகிறவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று யோசித்தால் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவீர்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்ன கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று தொடங்கிய கடைதான், இப்போது வருகிறவர்களில் நிறையப் பேர் போனை நீட்டி, "அண்ணே, ஒரு பேஜ் தொறந்து குடுங்க" என்கிறார்கள். தையல் தைக்கிற அக்காமார், கேக் செய்கிற தங்கச்சிகள், ஆட்டோ ஓடுகிற தம்பிமார், மரக்கறி ஏற்றுகிறவர்கள், கொழும்பில் கடையில் நின்றுவிட்டு ஊரோடு வந்து ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிற பிள்ளைகள். பேஜ் திறக்க பத்து நிமிடம் போதும். அதில் என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் போகிறது, நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் போஸ்டாக இருந்தாலும் நாலு விஷயம் அதில் இருக்க வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு, யாரைக் கேட்பது. வியாபாரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. காணாமல் போன ஆளைத் தேடினாலும், இரத்தம் கேட்டாலும், கோயில் திருவிழாவுக்கு அழைத்தாலும் இதே நாலுதான்.

மவுசாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிற அக்கா ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள் உடுப்பு வாங்க வேண்டும். ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அந்த நாள் கூலி கிடையாது. அந்த ஒரு நாள் சம்பளத்தோடு பஸ் காசும் டீ காசும் சேர்ந்து போகிறது. இவ்வளவும் செலவழித்து வந்து பார்த்தால் உடுப்பின் விலை கையில் இருப்பதைவிட ஆயிரம் ரூபாய் கூட, அல்லது அந்த அளவு முடிந்துவிட்டது, அல்லது பௌர்ணமிப் போயா லீவு என்று கடை பூட்டு. அந்த அக்கா இனி உங்கள் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். விலை, அளவு, திறக்கிற நேரம் மூன்றையும் போஸ்டிலேயே எழுதியிருந்தால் அவர் தீர்மானித்துக்கொண்டே வந்திருப்பார். டவுனிலேயே இருப்பவருக்கு இது சின்ன விஷயம். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, வருகிறவருக்கு ஒரு நாள் கூலி.

பக்கத்துக் கடைக்காரன் விலையைப் பார்ப்பானே என்றால், பார்க்கட்டும். அவன் எப்படியும் யாரையாவது அனுப்பி விசாரித்துக்கொள்வான்.

சரி, எந்தத் தளத்தில் இருப்பது? எல்லாவற்றிலும் கணக்குத் திறந்து வைத்துவிட்டு எதிலும் பதில் சொல்லாமல் இருப்பவர்களை அதிகம் பார்க்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் எதைத் திறந்து பார்க்கிறாரோ அதில் மட்டும் இருந்தால் போதும். தோட்டத்துப் பக்கம் வயதானவர்கள் வரைக்கும் கையில் இருப்பது வட்ஸ்அப். புது ஆட்கள் உங்களைக் கண்டுபிடிப்பது பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும். டிக்டொக்கில் உங்களைப் பின்தொடராதவர்களுக்கும் வீடியோ போய்ச் சேரும், அதனால் முகம் தெரிய அது நல்லது. ஆனால் அங்கே ஓடர் எடுக்கப் பார்க்காதீர்கள், கொமெண்டுகளுக்குள் எல்லாம் தொலைந்து போகும். பேசுவதையும் ஓடரையும் வட்ஸ்அப்புக்குக் கொண்டு வாருங்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று தனியாக ஒரு செயலி 2018இலிருந்து இருக்கிறது, இலவசம். இன்னும் நிறையப் பேர் சாதாரண வட்ஸ்அப்பிலேயே வியாபாரம் செய்கிறார்கள். இரண்டு சிம் போடுகிற போன் என்றால் ஒரே போனில் சாதாரண வட்ஸ்அப்பை உங்கள் சொந்த நம்பரிலும் பிஸ்னஸை வியாபார நம்பரிலும் வைத்துக்கொள்ளலாம். அதில் பொருட்களைப் படம், விலையோடு அடுக்கி வைக்கிற கட்டலொக் இருக்கிறது, கடை நேரம் போடலாம், இரவு பத்து மணிக்கு யாராவது கேட்டால் 'காலையில் பதில் தருகிறோம்' என்று தானாகப் போகிற மாதிரிச் செய்யலாம், காசு கட்டியவர், கட்ட வேண்டியவர் என்று லேபல் ஒட்டலாம். ஒரு பின்னேரம் உட்கார்ந்து இதைச் சரியாகச் செய்துவிட்டால் தினமும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரு குரூப்பில் போட்டுவிடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தையல்காரியின் குரூப்பில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் நம்பரையும் அதே குரூப்பில் இருக்கிற முன்பின் தெரியாத ஆட்கள் பார்க்கலாம், எடுத்து மெசேஜ் போடலாம், போடுகிறார்கள். புரோட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெசேஜாகப் போகும், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும், ஆகவே கடைக்கு வருகிறவரிடம் அந்த இடத்திலேயே, "அக்கா, என் நம்பரை சேவ் பண்ணிக்கிங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆட்கள் கூடிவிட்டால் சனல் திறக்கலாம், அதிலும் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது.

பேஸ்புக்கில் இன்னொன்று. சொந்தப் புரொபைலிலேயே கடையை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அதோடு, சொந்தப் புரொபைலைக் கடையின் பெயரில் வைத்திருப்பது அவர்களுடைய விதிக்கு மாறானது, ஒரு நாள் கணக்கு பூட்டப்பட்டால் குடும்பப் படங்களும் சேர்ந்து போய்விடும். பேஜ் திறங்கள், திறந்தவுடன் நம்பிக்கையான இன்னொருவரையும் அட்மின் ஆக்குங்கள், தம்பியோ மனைவியோ யாராவது. போன் தொலைந்தால், தண்ணீரில் விழுந்தால், கணக்கை யாராவது கைப்பற்றினால் அந்த இரண்டாவது ஆள்தான் பேஜைக் காப்பாற்றுவார்.

பேஜுக்கு லைக் இருந்தும் யாரும் பார்ப்பதில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் நடைமுறையை மாற்றி, பேஜ்களைவிட நண்பர்கள், குடும்பத்தார் போடுவதை முன்னால் காட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து சின்னப் பேஜ்கள் போடுவது கொஞ்சப் பேருக்குத்தான் போகிறது. ஆட்கள் கொமெண்டில் பேசுகிற போஸ்ட்தான் மேலே வரும், அதனால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் கொமெண்டிலேயே பதில் சொல்லுங்கள். இங்கேயும் பாருங்கள், விலையை இன்பொக்ஸில் ஒளித்தால் அந்தப் பேச்சு முழுக்க மறைவிடத்துக்குப் போய்விடுகிறது. காசு கட்டி பூஸ்ட் செய்வதாக இருந்தால் 'இலங்கை' என்று முழு நாட்டையும் தெரிவு செய்யாதீர்கள். வரைபடத்தில் உங்கள் டவுனில் குறி வைத்து சுற்றுவட்டத்தைச் சுருக்குங்கள். கொட்டகலையில் கேக் செய்கிறவருக்கு மாத்தறையிலிருந்து லைக் வந்து என்ன பயன்?

எப்போது போடுவது என்பதை இணையத்தில் தேடினால் 'செவ்வாய் காலை' என்று ஏதோ நாட்டுக் கணக்கு வரும். நம்ம ஊருக்கு நம்ம கணக்கு இருக்கிறது. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போட்டால் ஆட்கள் பட்டியல் போடும்போது உங்கள் பொருள் ஞாபகத்தில் இருக்கும், 25ஆம் திகதி போட்டால் ஆசைப்படுவார்கள், வாங்க முடியாது. தீபாவளி முற்பணம் எப்போது கிடைக்கிறது என்று விசாரித்து அதற்கு முந்திய வாரமே உடுப்புப் படங்களைப் போடுங்கள். மாசியில் திருவிழாவும் காமன் கூத்தும், சித்திரைப் புத்தாண்டு, ஜனவரியில் பள்ளிச் சாமான்கள், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். நாளில் நேரம் என்றால் வேலை முடிந்து, சமைத்து, கொஞ்சம் ஓய்ந்து போனைக் கையில் எடுக்கிற பின்னேரம் ஏழுக்குப் பிறகு. காலையில் கொழுந்து எடுக்கிற நேரத்தில் லைவ் போட்டு யார் பார்ப்பது?

வயதான அம்மாமார் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பது கஷ்டம். அவர்களுக்கு வொய்ஸ் நோட் அனுப்புங்கள். 'அம்மா, நீங்க கேட்ட கம்பிளி வந்திருச்சு, வெல இவ்வளவு, சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் எடுத்து வைக்கிறேன்' என்று அரை நிமிடம் பேசினால் நீளமாகத் தட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும். பேஜில் எழுதும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், பிறகு தேடுகிறவருக்குக் கிடைக்கும். கீழே சிங்களத்தில் இரண்டு வரி போட்டால் இன்னும் நல்லது. நம் டவுன்களில் சிங்களச் சனமும் வாங்குகிறார்கள், சொந்தமாக எழுத வராவிட்டால் பக்கத்துக் கடைச் சிங்களத் தம்பியிடம் கேட்டால் எழுதித் தருவார்.

பொருளைப் பற்றி முழுக்கச் சொல்வது நம்பிக்கையைக் கொண்டுவரும் என்பதற்குத் தேயிலையே உதாரணம். 'சுத்தமான மலைநாட்டுத் தேயிலை' என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். எந்தப் பகுதித் தேயிலை, தரம் பிஓபியா, பிஓபிஎஃபா, டஸ்டா, எந்த மாதம் பக்கெட் போட்டது, எத்தனை கிராம் என்று எழுதிப் பாருங்கள். ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் வரட்சிக் காற்றில் வருகிற தேயிலைக்குத் தனி வாசம், டிம்புள்ளப் பக்கம் அந்தக் காலம் ஜனவரியிலிருந்து மார்ச். இதெல்லாம் நம் வீட்டு ஆட்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம், கொழும்பில் வாங்குகிறவருக்குத் தெரியாது. பேக்டரியில் வேலை செய்த அப்பாவை உட்கார வைத்து, இலையைக் கையில் எடுத்துக் காட்டிப் பேச வைத்து ஒரு நிமிட வீடியோ எடுத்தால் அதற்கு ஈடான விளம்பரம் கிடையாது. நுவரெலியாவில் லீக்ஸ், கரட் போடுகிற தம்பிமாருக்கும் இதுதான். மரக்கறி விலை காலைக்கும் மாலைக்கும் மாறுகிறது, திகதியும் நேரமும் இல்லாமல் விலையைப் போட்டால் மூன்று நாள் கழித்துப் பார்த்தவர் வந்து சண்டை பிடிப்பார்.

எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், லிப்டன் சீட் மலைக் காட்சிமுனைக்கு ஆட்டோ ஓடுகிறவர்கள் நிலை வேறு. வெளிநாட்டுக்காரர் இன்ஸ்டகிராமில் படம் பார்ப்பார், பிறகு கூகுள் மெப்பில் இடத்தையும் விமர்சனத்தையும் பார்ப்பார். மெப்பில் உங்கள் இடத்தைச் சரியாகக் குறித்து, போன வாரத்துப் படம் போட்டு, போய்த் திரும்புகிற வாடகையையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பனி மூடுகிற காலத்தில் பனி மூடும் என்றே எழுதுங்கள், வெயில் படத்தைக் காட்டி ஏமாற்றினால் விமர்சனத்தில் வந்து நிற்கும்.

பொருள் அனுப்புவதில் நமக்கு மட்டும் இருக்கிற ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். லயத்துக்குக் கதவிலக்கம் கிடையாது. தோட்டத்துக் கடிதங்கள் காலங்காலமாக ஒபீஸ் வழியாகத்தான் வருகின்றன, பல நேரம் பிந்தி வருகின்றன. கூரியர்காரர் மேல் டிவிஷனுக்கு ஏற மாட்டார். ஓடர் எடுக்கும்போதே டவுனில் எந்தக் கடையில் கொடுத்து வைக்கலாம், யார் எடுப்பார், இரண்டாவது நம்பர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காசு விஷயத்தில் வங்கி சிலிப்பின் படத்தை நம்பிப் பொருளை அனுப்ப வேண்டாம். படத்தில் தொகையையும் திகதியையும் மாற்றுவது பிள்ளை விளையாட்டு. உங்கள் கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், கேட்கிறவர் கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், எல்லா வாடிக்கையாளரையும் ஒரே செயலிக்குள் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் கண்டி, திகனைக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் தடை செய்தது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் தடை, 2022 ஏப்ரலில் ஊரடங்கோடு மறுபடி தடை. அந்த நாட்களில் ஓடர் எடுத்து வைத்திருந்தவர்கள் யாருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள். 2022இல் 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்களும் இருந்தன. ஒரு சிஆர் கொப்பி வாங்கி, பெயர், நம்பர், ஊர், என்ன வாங்கினார் என்று எழுதி வையுங்கள். வட்ஸ்அப் போனால் போனில் அழைக்கலாம், போன் போனால் கொப்பி இருக்கும். இதை நான் சொல்லும்போது இளம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனாலும் எழுதச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கணக்கைப் பூட்டி வைப்பதும் வியாபாரத்தில் ஒரு பகுதி. வட்ஸ்அப்பில் செட்டிங்குக்குள் போய் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள், ஆறு இலக்க பின் ஒன்று கேட்கும். 'தெரியாம உங்க நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், அதச் சொல்லுங்க' என்று தெரிந்தவர் பெயரிலேயே மெசேஜ் வரும், ஏனென்றால் அவருடைய கணக்கை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். அந்தக் கோட்டைக் கொடுத்தால் அடுத்தது உங்கள் கணக்கு, பிறகு உங்கள் பெயரில் சொந்தக்காரர் எல்லாரிடமும் அவசரமாகக் காசு கேட்பார்கள். பேஜ் வைத்திருப்பவர்களுக்கு 'உங்கள் பேஜ் விதியை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று வருவதும் இதே ஜாதிதான். அகப்பட்டுக்கொண்டால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101இல் அழைக்கலாம்.

சொந்த வாழ்க்கைப் பக்கம் வருகிறேன். சாமத்தியச் சடங்குப் படங்களை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போடுகிறோம். சந்தோஷத்தில் போடுகிறார்கள், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம், பெயர், தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே போஸ்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படத்தை எடுக்கலாம். நான் சொன்ன நாலு விஷயத்தையும் எழுதக்கூடாத இடம் இது ஒன்றுதான். சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பேஸ்புக்கில் போட்டால் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். டிக்டொக்கில் ஆடுகிற நம் பிள்ளைகளின் வீடியோவுக்குக் கீழே 'தோட்டக்காட்டான்' என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், புளொக் செய்யுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. அந்தப் பிள்ளையைத் திட்டி போனைப் பறிப்பதால் மிரட்டுகிறவன் நிற்க மாட்டான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கரண்ட் இல்லை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. வெளியூரில் இருந்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு செய்தியும் உயிர் மாதிரி. அந்த நேரத்தில் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை மணி என்று எதுவும் இல்லாமல் 'அவசரம், எல்லாருக்கும் ஷெயார் பண்ணுங்க' என்று வந்தவை எத்தனை! ஆள் கிடைத்த பிறகும் 'காணவில்லை' என்ற படம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்காவது இதைப் பழகிக்கொள்ள வேண்டும். தோட்டம், டிவிஷன், திகதி, நேரம், யார் சொன்னது, எந்த நம்பரில் உறுதி செய்யலாம். ஆள் கிடைத்துவிட்டால் அதே போஸ்டின் மேல் வரியில் 'கிடைத்துவிட்டார்' என்று திருத்துங்கள். வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக் குறி போட்டு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வந்தால் அது எங்கே பிறந்தது என்று அனுப்பியவருக்கே தெரியாது என்று அர்த்தம், நீங்கள் அனுப்பாமல் நிறுத்துங்கள். மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. அந்த அறிவித்தலில் உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் இருக்கும், அதைப் பார்த்து அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. என் கடைக்கு வந்து, 'இந்த லிங்க்ல விவரம் போட்டுக் குடுங்க' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதே நாலு விஷயத்தைத்தான். எந்த நாட்டில் எந்தக் கம்பனி, எப்போது, எவ்வளவு சம்பளம், எந்த முகவர், அவருடைய உரிம இலக்கம் என்ன. போலி விளம்பரத்தில் சம்பளம் மட்டும் பெரிதாக இருக்கும், மற்றதெல்லாம் 'இன்பொக்ஸ் வாங்க'. முதலில் விசிட் விசாவில் போகச் சொன்னால், பாஸ்போர்ட்டோடு காசையும் தனி ஆளின் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக வலைத்தளத்தில் பார்த்துப் போன நம் நாட்டுப் பிள்ளைகளை மியன்மாரில் மியாவாடி முகாம்களில் அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்கள், பலரைப் பெரும்பாடுபட்டுத்தான் மீட்டார்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் உரிமம் உள்ள முகவர்களின் பட்டியல் இருக்கிறது, 1989க்கு அழைத்தும் கேட்கலாம். ஒரு அழைப்புத்தான். அதைச் செய்யாமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

யூடியூப்பில் சம்பாதிக்கலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. முடியும், ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையை விடக்கூடாது.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த ஒரு பாவனை இருக்கிறது. உறவைத் தேடுவது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த நம் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள், 1984 வரைக்கும் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் லயத்துக்கு லயம் இருக்கின்றன. கடிதம் நின்று, முகவரி மாறி, தொடர்பு அறுந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளின் போன் வழியாகத் தேடுகிறார்கள், கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறவர்களின் பேஸ்புக் குரூப்களில் எழுதிக் கிடைத்தும் இருக்கிறார்கள்.

ஆனால் 'என் பாட்டியின் அண்ணன் முத்துசாமியைத் தேடுகிறேன், ஷெயார் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் கிடைக்க மாட்டார். நீலகிரியில் எத்தனை முத்துசாமி! தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் நம் ஆட்கள் கூப்பிடுகிற தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், போனவர்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் ஞாபகம் இருக்கும். டிவிஷன், லயம், அப்பா பெயர், அம்மா பெயர், கூடப்பிறந்தவர்களின் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், கங்காணி யார், கப்பல் ஏறிய வருடம், தமிழ்நாட்டில் பூர்வீக ஊர். கடைசியாகக் கடிதம் வந்த இடம் தெரிந்தால் அது மிக முக்கியம். நீலகிரியோடு நிறுத்தாமல் வால்பாறை, கொடைக்கானல் பக்கத்துக் குரூப்களிலும், கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா பக்கத்து இறப்பர் தோட்டக் குரூப்களிலும் போடுங்கள், அங்கேயும் நம் ஆட்களைக் குடியேற்றினார்கள். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டைப் படத்தைப் போடுவதாக இருந்தால் முகமும் பெயரும் தெரியட்டும், இலக்கங்களை வெட்டிவிடுங்கள்.

'நான்தான் அவருடைய மகன்' என்று யாராவது பதில் எழுதினால் உடனே ஓடிப்போய் வீட்டு முகவரியையும் வங்கிக் கணக்கையும் கொடுக்காதீர்கள், மருத்துவச் செலவுக்குக் காசு அனுப்பச் சொன்னாலும் பொறுங்கள். முதலில் வீடியோ அழைப்பு எடுங்கள், பக்கத்தில் பாட்டியை உட்கார வையுங்கள். எந்த லயத்துக் கோடிக் காம்பரா, தண்ணீர் பிடிக்கிற பீலி எந்தப் பக்கம் இருந்தது, நம்ம வீட்டு மாட்டுக்கு என்ன பெயர் என்று பாட்டியே கேட்பார், இரண்டு கேள்வியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.